கார்லைல் மாணாக்கரின் பந்தாட்டம்



இரண்டு கல்லூரிகள் ஆடுகளத்தில் எதிரெதிரே நிற்கும் நாளின் ஆரவாரம் நம் நாட்டவர்க்குப் புதியதன்று. தலை நரைத்த பழைய மாணாக்கரும் அன்று கொடி பிடித்து நிற்பர். ஆண்டுகள் பல சென்ற பின்னரும், "அன்று அவன் அந்தப் பந்தைத் தவறவிட்டிராவிட்டால்" என்று வழக்காடுவர். பெரும்பாலும் அவ்வழக்கு சிரிப்பிலே முடியும். வெற்றியும் தோல்வியும் வீட்டுக்குப் போகுமுன் ஆறிவிடும். ஆனால், கல்லூரியின் மானத்தோடு ஓர் இனத்தின் மானத்தையும் தோளிற் சுமந்து ஆடிய அணியொன்று இருந்தது. 1912ஆம் ஆண்டில் அவ்வணி கண்ட விளையாட்டுப் பருவத்தைப் பற்றியே இன்று உங்களோடு பேச விரும்புகின்றேன்.

அமெரிக்க ஐக்கிய நாடுகளிலே பென்சில்வேனியா மாநிலத்தில் கார்லைல் என்றொரு சிற்றூர் உண்டு. அங்கே பழைய படைவீடு ஒன்றில், 1879ஆம் ஆண்டில், ரிச்சர்ட் ஹென்றி பிரட் என்னும் படை அதிகாரி ஒரு பாடசாலையைத் தொடங்கினார். அது, செவ்விந்தியர் என்று நம் பழைய புத்தகங்கள் பெயரிட்டழைத்த அமெரிக்கப் பழங்குடி மக்களின் பிள்ளைகளுக்கென அரசாங்கம் நடத்திய விடுதிப் பாடசாலை. கைத்தொழிலும் ஆங்கிலமும் கற்பித்தார்கள். ஆனால், அதன் உள்நோக்கம் வேறு. அப்பிள்ளைகளிடமிருந்து அவர்தம் குலத்தின் சுவட்டையே துடைத்துவிட வேண்டும் என்பதே பிரட்டின் கொள்கை. இதனை அவர் ஒளித்துப் பேசவுமில்லை. 1892ஆம் ஆண்டில் ஒரு மாநாட்டிலே வெளிப்படையாகவே எடுத்துரைத்தார்.

வந்திறங்கிய பிள்ளைகளின் நீண்ட கூந்தல் வெட்டப்பட்டது. தாய் தந்தையர் இட்ட பெயர் நீக்கப்பட்டு, ஆங்கிலப் பெயர் சூட்டப்பட்டது. தாய்மொழியிற் பேசினால் தண்டனை. தங்களுடைய ஆடைகளைக் களைந்து படைவீரர் உடை போன்ற சீருடை தரித்து, மணியோசைக்கு அணிவகுத்து நடந்தார்கள். பாடசாலை நடந்த 39 ஆண்டுகளில் ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள் அங்கு வந்தனர். அவர்களுட் பலர் நோய்வாய்ப்பட்டு அங்கேயே மாண்டனர். பாடசாலை மயானத்தில் ஏறத்தாழ இருநூறு சிறு கல்லறைகள் எழுந்தன.

இப்படியான இடத்திலே பந்தாட்டம் எவ்வாறு வந்தது? அதைக் கேட்டு வாங்கியவர்கள் மாணாக்கரே. தொடக்க காலத்தில் ஆட்டமொன்றில் ஒரு மாணவனின் கால் முறிந்தது. அதைக் கண்ட பிரட், வெளிக் கல்லூரிகளுடன் இனி ஆடலாகாது என்று தடை விதித்தார். சில ஆண்டுகளின் பின், நாற்பது மாணாக்கர் அளவில் அவருடைய அலுவலகத்துக்கு வந்து நின்றார்கள். அவர்களுட் சொல்வன்மை மிக்க ஒருவன் எழுந்து, தங்களுக்கு அவ்வாட்டம் வேண்டும் என்பதற்கு நியாயங்களை ஒன்றன்பின் ஒன்றாக எடுத்துரைத்தான். பிரட் வியந்துபோனார். முடிவில் இரண்டு நிபந்தனைகளுடன் இணங்கினார். எதிரி எவ்வளவு முறைகேடாக நடந்தாலும் நீங்கள் ஒருபோதும் கைநீட்டி அடிக்கக்கூடாது என்பது ஒன்று. சில ஆண்டுகளுக்குள் நாட்டின் தலைசிறந்த அணியை வென்று காட்ட வேண்டும் என்பது மற்றொன்று. பிரட் தாமே பிற்காலத்தில் எழுதிவைத்த செய்தி இது. நேயர்கள் இந்த இரண்டு நிபந்தனைகளையும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகின்றேன்.

அமெரிக்கர் "ஃபுட்போல்" என்று சொல்வது நாம் அறிந்த உதைபந்தாட்டம் அன்று. கொழும்பிலும் கண்டியிலும் நாம் காணும் றகர் ஆட்டத்துக்கு அது நெருங்கிய உறவு. அணிக்குப் பதினொருவர், முட்டை வடிவான பந்து, அதனைக் கையிலேந்தி எதிரியின் எல்லைக்கு அப்பாற் கொண்டுசேர்க்க வேண்டும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அது பெரிதும் உடல் வலிமையால் நடந்த போராகவே இருந்தது. ஒருவர் கையை ஒருவர் கோத்துக்கொண்டு, கூட்டமாக மோதி, எதிரியை நசுக்கி முன்னேறுவார்கள். 1905ஆம் ஆண்டுப் பருவத்தில் மட்டும் பதினெட்டுப் பேர் உயிரிழந்தார்கள் எனப் பத்திரிகைகள் கணக்கிட்டன. ஜனாதிபதி தியடோர் ரூஸ்வெல்ட் பெரிய கல்லூரிகளின் பிரதிநிதிகளை வெள்ளை மாளிகைக்கு அழைத்து, ஆட்டத்தைத் திருத்துமாறு வற்புறுத்தினார். அதன் பயனாக 1906ஆம் ஆண்டில் விதிகள் மாற்றப்பட்டன. அவற்றுள் முக்கியமானது, பந்தை முன்னோக்கி எறிந்து தன் அணியினனிடம் சேர்ப்பிக்கலாம் என்ற விதி.

இந்தப் புதிய விதி கார்லைல் மாணாக்கருக்கு வாய்த்த வரம் எனலாம். பெரிய பல்கலைக்கழக அணிகளோடு ஒப்பிட்டால் அவர்கள் உடல் எடையிற் குறைந்தவர்கள். ஆள்தொகையும் சிறிது. ஆனால், ஓட்டத்திலும் சமயோசிதத்திலும் அவர்களுக்கு இணையானவர் அரியர். அவர்களுடைய பயிற்சியாளர், பொப் வோர்னர் என்று எல்லோரும் அழைத்த கிளென் வோர்னர், தந்திரங்களைப் படைப்பதிற் சூரர். எடைக்கு எடை மோதாது, வேகத்தால் எதிரியை ஏய்க்கும் ஆட்டத்தை அவர் வகுத்தார். மாணாக்கர் அதனைக் கலையாக்கினர். 1907ஆம் ஆண்டிலே பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தை 26க்கு 6 என்றும், ஹாவார்ட் பல்கலைக்கழகத்தை 23க்கு 15 என்றும் வென்றார்கள். பந்தைச் சுழலச் சுழல நெடுந்தூரம் எறிந்து ஓடிப் பிடிக்கும் அவர்களின் ஆட்டத்தைக் கண்டு, பழைய முறையில் ஊறிய அணிகள் திகைத்து நின்றன.

ஹாவார்ட் என்பது அந்நாட்டின் மிகப் பழைய பல்கலைக்கழகம்; செல்வர் வீட்டுப் பிள்ளைகளின் இடம். 1911ஆம் ஆண்டு நவம்பரில் கார்லைல் அணி மீண்டும் அங்கே சென்றது. ஜிம் தோர்ப் என்ற வீரன் காயம்பட்ட காலைக் கட்டிக்கொண்டு களமிறங்கினான். நான்கு முறை பந்தைக் கம்பங்களுக்கிடையே உதைத்து அனுப்பினான். ஆட்டம் முடிந்தபோது கார்லைல் 18, ஹாவார்ட் 15. அப்பருவத்தில் பன்னிரண்டு ஆட்டங்களிற் பதினொன்றை அவர்கள் வென்றனர். சிரக்கியூஸ் அணியிடம் மட்டும் ஒரே ஒரு புள்ளி வித்தியாசத்தில் தோற்றனர்.

ஜிம் தோர்ப்பைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். ஒக்லஹோமாப் பகுதியில், சாக் அன்ட் பொக்ஸ் என்னும் குலத்திற் பிறந்தவன். ஒளி படர்ந்த பாதை என்ற பொருள் தரும் பெயரொன்றை அவனுடைய தாய் அவனுக்கு இட்டிருந்தாள். 1912ஆம் ஆண்டு கோடையில் ஸ்டொக்ஹோம் ஒலிம்பிக் விழாவுக்குச் சென்ற அவன், ஐந்து அம்சப் போட்டி, பத்து அம்சப் போட்டி இரண்டிலும் தங்கப் பதக்கம் பெற்றான். அதே விழாவில் அதே பாடசாலை மாணவனாகிய லூயிஸ் டெவானிமா பத்தாயிரம் மீற்றர் ஓட்டத்தில் வெள்ளிப் பதக்கம் பெற்றான். இந்த டெவானிமா ஹோப்பிக் குலத்தவன். அரசாங்கப் பாடசாலை வேண்டாம் என்று எதிர்த்த ஹோப்பி மக்களிற் சிலரைப் படையினர் சிறைப்பிடித்தபோது, அவர்களுள் ஒருவனாக 1907இற் கார்லைலுக்குக் கொண்டுவரப்பட்டவன். கைதியாய் வந்தவன் நாட்டுக்குப் பதக்கம் தேடிக் கொடுத்தான் என்பதைச் சிந்தித்துப் பாருங்கள். வெற்றியோடு திரும்பிய இருவரையும் கார்லைல் நகரம் ஊர்வலம் வைத்து வரவேற்றது. டெவானிமா அவ்வாண்டே தன் மலைநாட்டுக் கிராமத்துக்கு மீண்டான். தோர்ப் அணித் தலைவனாகப் பந்தாட்டக் களத்துக்கு வந்தான்.

1912ஆம் ஆண்டுப் பருவம் இவ்வாறு தொடங்கிற்று. அவ்வாண்டில் விதிகள் மறுபடியும் மாறின. ஆடுகளம் நூறு கஜ நீளமாயிற்று. எல்லைக்கு அப்பாற் பந்தைச் சேர்த்தால் ஆறு புள்ளி. பத்துக் கஜம் முன்னேறுவதற்கு மூன்று முயற்சிக்குப் பதில் நான்கு முயற்சி. இக்காலத்து அமெரிக்க ஆட்டத்தின் உருவம் அவ்வாண்டிலேதான் அமைந்தது எனலாம்.

கார்லைல் அணிக்குப் பெரும்பாலான ஆட்டங்கள் வெளியூர்களிலேயே அமைந்தன. வாரந்தோறும் புகைவண்டியில் நெடுந்தூரம் சென்று, பிறர் களத்திலே, பிறர் ஆரவாரத்தின் நடுவே ஆடித் திரும்புவார்கள். வாஷிங்டன் அன்ட் ஜெபர்சன் கல்லூரியுடன் புள்ளியெதுவுமின்றிச் சமநிலை. அடுத்த வாரம், முந்திய ஆண்டு தங்களை வென்ற சிரக்கியூஸ் அணியை 33க்குச் சுழி என்று வென்றார்கள். பிட்ஸ்பர்க் 45க்கு 8. ஜோர்ஜ்ரவுன் 34க்கு 20. லீஹை 34க்கு 14. பத்திரிகைகள் இவ்வெற்றிகளைப் பெரிய எழுத்தில் எழுதின. ஆனால், எழுதிய மொழியைப் பாருங்கள்: கோடரி, தலைத்தோல், போர்க்கோலம் என்று கேலிச் சித்திரங்களும் சொற்களும் நிறைந்திருந்தன. பள்ளிக்கூடத்திலே இந்தியனாய் இராதே என்று அடித்துத் திருத்தினார்கள். மைதானத்திலோ இந்தியன் வருகிறான் என்று விளம்பரம் செய்து சீட்டு விற்றார்கள்.

நவம்பர் மாதம் 9ஆம் திகதி அவர்கள் வெஸ்ட் பொயின்ட் என்னும் இடத்துக்குப் போனார்கள். அங்கே இருப்பது ஐக்கிய நாடுகளின் இராணுவக் கல்லூரி. நாளைய தளபதிகளாகப் போகும் இளைஞர் பயிலுமிடம். வூண்டட் நீ என்ற இடத்தில், 1890ஆம் ஆண்டு டிசம்பரில், லக்கோட்டா மக்களிற் பெண்கள் குழந்தைகள் உட்பட நூற்றுக்கணக்கானோரைப் படையினர் சுட்டுக்கொன்று அப்போது இருபத்திரண்டு ஆண்டுகள்தாம் சென்றிருந்தன. களமிறங்கிய மாணாக்கரிற் பலர் அந்நிகழ்ச்சியின் காலத்திற் பாலகராயிருந்தவர்கள். "இன்று எதிரே நிற்போரின் தந்தையரும் பாட்டன்மாரும் உங்கள் தந்தையரோடும் பாட்டன்மாரோடும் போரிட்டவர்கள்" என்ற கருத்துப்பட வோர்னர் அன்று பேசினார் என்று, அணியில் ஆடிய கஸ் வெல்ஷ் பிற்காலத்தில் நினைவுகூர்ந்தார்.

ஆட்டத்திலே இராணுவக் கல்லூரிதான் முதலிற் புள்ளி பெற்றது. பின்னர் கார்லைலின் வேகம் களத்தை ஆட்கொண்டது. அவ்வாண்டிலே வோர்னர் வகுத்த புதிய அணிவகுப்பொன்றை அவர்கள் அன்று கையாண்டார்கள். பந்து யார் கையில் இருக்கிறது, எத்திசையிற் போகிறது என்பதை எதிரிகள் கண்டறியுமுன் ஆள் கடந்துவிடுவான். வெல்ஷ் ஆட்டத்தை நடத்தினான். எல்லோரும் தோர்ப்பையே நோக்கி ஓடினார்கள். அவ்வேளையில் அலெக்ஸ் ஆர்காசா என்பவன் மூன்று முறை பந்தை எல்லைக்கு அப்பாற் சேர்த்தான். பொறுமையிழந்த இராணுவ அணித் தலைவன் லீலண்ட் டிவோர், கார்லைல் வீரன் ஒருவனைத் தாக்கினான். நடுவர் அவனை உடனே களத்திலிருந்து வெளியேற்றினார். முடிவு: கார்லைல் 27, இராணுவக் கல்லூரி 6.

அன்று இராணுவ அணியில் ஆடி, தோர்ப்பைத் தடுத்து வீழ்த்தப் பெரிதும் முயன்ற இளைஞன் ஒருவன் உண்டு. அவன் பெயர் டுவைட் ஐசன்ஹோவர். இரண்டாவது உலகப் போரில் நேசப்படைகளின் தளபதியாகவும், 1953 முதல் 1961 வரை அமெரிக்க ஜனாதிபதியாகவும் விளங்கியவர் அவரே. அடுத்த வாரத்து ஆட்டமொன்றில் முழங்காலில் ஏற்பட்ட காயத்தால் அவருடைய பந்தாட்டம் முடிவுற்றது. தோர்ப்பின் ஆற்றலை அவர் முதுமையிலும் வியந்து பேசினார்.

நேயர்களே, இப்பொழுது பிரட்டின் நிபந்தனைகளை நினைத்துப் பாருங்கள். வென்று காட்டுங்கள் என்றார், வென்று காட்டினார்கள். கைநீட்டாதீர்கள் என்றார், அன்று கைநீட்டி வெளியேறியவன் இராணுவக் கல்லூரியின் தலைவன். நாகரிகம் பழகுவதற்கென்று யாரைப் பிடித்து வைத்திருந்தார்களோ அவர்கள் நாகரிகமாக ஆடினார்கள். இத்தனைக்கும், அக்களத்தில் அவர்களுக்கு யாரும் சலுகை அளிக்கவில்லை. பத்துக் கஜம் என்றால் இருவர்க்கும் பத்துக் கஜம்; தவறு செய்தால் இருவர்க்கும் தண்டனை. அவர்கள் வேண்டியது அவ்வளவே. அந்த நூறு கஜ நிலத்தில் அவர்களுக்குக் கிடைத்த சமநீதி, அதன் வெள்ளைக் கோட்டுக்கு வெளியே கிடைக்கவில்லை. பழங்குடி மக்கள் யாவரும் அந்நாட்டின் குடிகள் என்று சட்டம் ஏற்றதே 1924ஆம் ஆண்டிற்றான்.

அடுத்த வாரம் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்திடம் 34க்கு 26 என்று தோற்றார்கள். அப்பருவத்தின் ஒரே தோல்வி அது. நவம்பர் இறுதியில் பிறவுண் பல்கலைக்கழகத்தை 32க்குச் சுழி என்று வென்று பருவத்தை முடித்தார்கள். பன்னிரண்டு வெற்றி, ஒரு தோல்வி, ஒரு சமநிலை. அணி ஐந்நூறுக்கும் மேற்பட்ட புள்ளிகளைக் குவித்தது.

இரண்டு மாதங்கள் செல்லுமுன் கோட்டுக்கு வெளியேயுள்ள உலகம் தன் முகத்தைக் காட்டிற்று. 1909, 1910ஆம் ஆண்டுகளின் கோடையில் தோர்ப் சிறு கூலி பெற்று பேஸ்போல் ஆடினான் என்ற செய்தி 1913 ஜனவரியில் வெளியாயிற்று. கூலி பெற்றவன் ஒலிம்பிக்கில் ஆடலாகாது என்பது விதி. அவ்வாறு கோடையில் ஆடிய கல்லூரி மாணாக்கர் பலர்; அவர்கள் வேறு பெயரில் ஆடினார்கள், இவனோ தன் பெயரிலேயே ஆடியிருந்தான். பாடசாலை அதிபரும் பயிற்சியாளரும் தாம் ஏதும் அறியோம் என்றனர். பதக்கங்கள் பறிக்கப்பட்டன. ஆனால், ஆட்சேபம் இருந்தால் முப்பது நாட்களுக்குள் தெரிவிக்க வேண்டும் என்பதும் அதே விதிப் புத்தகத்தில் இருந்தது. ஆட்சேபம் வந்தது ஆறு மாதம் கழிந்த பின்னர். அந்த விதியை யாரும் அன்று புரட்டிப் பார்க்கவில்லை. தோர்ப் 1953இல் மறைந்தான். 1982இல் ஒலிம்பிக் குழு அவன் பெயரை மீண்டும் சேர்த்துக்கொண்டது. அப்போதும் மற்றவரோடு இணை வெற்றியாளன் என்றே எழுதிற்று. அவனே தனி வெற்றியாளன் என்று ஒப்புக்கொண்டது 2022ஆம் ஆண்டில். நூற்றுப்பத்து ஆண்டுகள்!

பாடசாலைக்குள்ளும் அமைதியில்லை. பந்தாட்டத்தால் வந்த பணம் பெருந்தொகை. அது எங்கே போகின்றது, நமக்கு உணவும் பராமரிப்பும் ஏன் இவ்வாறு இருக்கின்றன, அடியும் வசையும் எதற்காக என்று மாணாக்கர் கேட்கத் தொடங்கினர். முன்னின்று கேட்டவன், இராணுவக் கல்லூரியுடனான ஆட்டத்தை நடத்திய அதே கஸ் வெல்ஷ். இருநூறுக்கும் மேற்பட்ட மாணாக்கரின் கையொப்பத்துடன் விண்ணப்பம் அரசாங்கத்துக்குப் போயிற்று. 1914ஆம் ஆண்டில் காங்கிரஸ் சபையின் குழுவொன்று கார்லைலுக்கு வந்து விசாரணை நடத்தியது. வெல்ஷ் சாட்சி சொன்னான். அதிபர் பதவி இழந்தார். வோர்னர் அப்பருவ முடிவுடன் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்துக்குச் சென்றுவிட்டார். 1918ஆம் ஆண்டில், முதலாம் உலகப் போரிற் காயமுற்ற வீரர்க்கு வைத்தியசாலையாக்கவென்று பாடசாலையே மூடப்பட்டது. வெல்ஷ் சட்டம் பயின்று தேறினான்.

பொதுவாக நாம் வெஸ்ட் பொயின்ட் வெற்றியைச் சொல்லி, கைதட்டி, கதையை முடித்துவிடுவோம். எனக்கோ அந்த விண்ணப்பமே அப்பருவத்தின் இறுதி ஆட்டம் என்று தோன்றுகிறது. நாற்பது மாணாக்கர் ஒரு நாள் அலுவலகத்துக்குச் சென்று விளையாட்டைக் கேட்டார்கள். இருபது ஆண்டுகள் சென்றபின், அவர்கள் வழிவந்தோர் இருநூறு பேருக்கு மேல் எழுந்து நீதியைக் கேட்டார்கள். இடையிலே, விதி இருபுறமும் ஒன்றாக இருந்தால் தங்களால் எவரோடும் நிற்க முடியும் என்பதைக் களத்திலே கண்டிருந்தார்கள். ஒரு முறை அதைக் கண்டவன் அநீதியை இயற்கை என்று ஏற்றுக்கொள்ளான்.

அந்தச் சிறு கல்லறைகளைத் தோண்டி, பிள்ளைகளின் எலும்புகளை அவரவர் குலத்தாரிடம் ஒப்படைக்கும் பணி 2017ஆம் ஆண்டிலே தொடங்கிற்று. 2024 ஒக்டோபரில் அமெரிக்க ஜனாதிபதி இவ்விடுதிப் பாடசாலைகளுக்காக மன்னிப்புக் கோரினார். அவ்வாண்டு டிசம்பரில் கார்லைல் தேசிய நினைவிடமாக அறிவிக்கப்பட்டது. துடைத்துவிட எண்ணிய பெயர்கள் இன்று அங்கே படிக்கப்படுகின்றன.

நம் கல்லூரி மைதானங்களிலே பிள்ளைகள் ஆடும்போது, யார் வென்றார் என்று கேட்போம், கேட்பதில் தவறில்லை. அதனோடு, களத்திலே இருபுறமும் ஒன்றாயிருந்த விதி, ஆட்டம் முடிந்து வீதிக்கு வந்த பின்பும் ஒன்றாக இருக்கிறதா என்றும் ஒரு தரம் கேட்டுக்கொள்வோமாக. கார்லைல் மாணாக்கர் நமக்கு விட்டுச் சென்ற கேள்வி அது.